சட்டத்தில் இடமில்லை

"புருஷனைக் கூட்டிட்டுப் போறதுக்குச் சட்டத்தில இடமில்ல, சிஸ்டர்" என்றார் பகவதிப்பெருமாள் பிள்ளை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி.

"அப்போ நான் தனியாப் போறேன்" என்றாள் ஜெயபாய்.

"கல்யாணமான நர்ஸ் தனியா வரப்பிடாதுன்னாக்கும் துரை எழுதியிருக்காரு. புருஷனோடதான் வரணும்."

ஜெயபாய் விரல் விட்டு எண்ணினாள். "புருஷனோட வரணும். ஆனா புருஷனைக் கூட்டிட்டு வரப்பிடாது. அப்படித்தானே?"

"அதேதான்!" என்று பிள்ளை மனநிறைவோடு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பிள்ளைக்குச் சுக்கு, மிளகு மண்டி. அதோடு மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையும் உண்டு. நினைத்தவுடன் கப்பலேறி மலேயாவில் போய் இறங்கிவிட முடியாது. வேலை கொடுக்கிறவர், 'இந்த ஆளுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்துத் துரை வேலைக்காரனுக்குக் கையெழுத்துப் போடுவார். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடுவார். வேலைக்காரரே பெண்ணாக இருந்து, அவருக்கும் ஒரு புருஷன் இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று சட்டம் எழுதிய புண்ணியவான்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஜெயபாய்க்கு அந்த வேலை வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை. மருந்து அலமாரியின் சாவி அவள் இடுப்பில் தொங்கும். இங்கே அவள் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் அந்தச் சாவி டாக்டரின் மைத்துனியிடம் இருந்தது. ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற அந்த அம்மாளிடம்தான், மிஷன் ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்துத் தேறிய ஜெயபாய் ஒவ்வொரு உருண்டைப் பஞ்சுக்கும் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரியும்.

"அவருக்கும் அங்க ஒரு வேலை கிடைச்சா?" என்று கேட்டாள்.

அவர் என்றது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷன் சத்தியதாஸை. தைக்காட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவர்.

"கிளார்க்குமாரு அங்க குமிஞ்சு கெடக்காங்க. இப்போ காலியா இருக்கது ஒண்ணே ஒண்ணு. துரை பங்களாவுல குசினி வேலை. சமைப்பாரா?"

"பிரமாதமாச் சமைப்பாரு" என்றாள் ஜெயபாய், கண் இமைக்காமல்.

சமையலறை என்பது காப்பி வருகிற திசை என்ற அளவில் மட்டுமே அறிந்திருந்த சத்தியதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தெருவுக்கு வந்ததும் அவர் கெஞ்சினார். "ஜெயா, எனக்கு அடுப்பு பத்தவைக்கக்கூடத் தெரியாதே!"

"விரல் எங்க வைக்கணும்னு தெரியாத ஆளெல்லாம் ஒங்ககிட்ட டைப்பு படிச்சுட்டுப் போகல்லியா? அதுபோலத்தான். நான் சொல்லித்தாறேன்."

சொல்லித்தந்தாள். முதல் பாடம் வெங்காயம் நறுக்குவது. பாடம் முடிந்தபோது வெங்காயம் முழுதாக இருந்தது. சத்தியதாஸின் விரலுக்கு அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாடத்தில் சோறு அடிப்பிடித்தது. மூன்றாவது பாடத்துக்குள் பிள்ளையிடமிருந்து ஆள் வந்துவிட்டது. குசினிக்காரர் சமைப்பதைக் கண்ணால் பார்க்காமல் துரைக்கு எழுத மாட்டாராம். சனிக்கிழமை மண்டியின் பின்கட்டில் அடுப்பு மூட்டி ஆட்டுக்கறி சமைத்துக் காட்ட வேண்டுமாம்.

ஜெயபாய் நேரே மண்டிக்குப் போனாள். "கறி வச்சா நீங்க ருசி பாப்பியளா?"

"நான் சுத்த சைவமாக்கும்" என்றார் பிள்ளை. "அதோட..." என்று இழுத்தார்.

அவர் இழுத்ததன் மிச்சம் அவளுக்குத் தெரியும். இவர்கள் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றித் தரகு வாங்குவதற்கு மட்டும் அந்தத் தீட்டு ஒட்டாது. அவளுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சாவியை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"நம்ம ஆறுமுகநயினார் ருசி பாப்பாரு" என்று மண்டிச் சிப்பந்தியைக் காட்டினார் பிள்ளை. "கல்லாறுக்கு மேல தேயிலைத் தோட்டத்துல, துரை பங்களாவுல பாத்திரம் கழுவின ஆளு. துரைக்க ருசி அவருக்கு மனப்பாடம்."

ஆறுமுகநயினார் பணிவாகத் தலையாட்டினார். பாத்திரம் கழுவுவதற்கு முன் அதில் மிஞ்சியதை அவர் என்ன செய்தார் என்று பிள்ளை அதுவரை கேட்டதில்லை.

ஜெயபாய் வீட்டுக்கு வந்து ஒரு ஏற்பாடு செய்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு தடவை இருமினால் உப்பு. இரண்டு தடவை இருமினால் மிளகாய்ப்பொடி. மூன்று தடவை இருமினால் சட்டியை இறக்கிவிட வேண்டும்.

"நான் இருமாம ஒண்ணையும் தொடப்பிடாது, கேட்டியளா?"

"தொட மாட்டேன்" என்றார் சத்தியதாஸ். சொன்ன சொல் தவறாத மனிதர் அவர். அதுதான் வினையாகப் போயிற்று.

சனிக்கிழமை மண்டிப் பின்கட்டில் கறி கொதித்தது. காற்று படாத தூரத்தில் நாற்காலி போட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஜெயபாய் தக்க நேரம் பார்த்து ஒரு தடவை இருமினாள். சத்தியதாஸ் உப்பை அள்ளினார்.

"சிஸ்டர்!" பிள்ளை துள்ளி எழுந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தில் சத்தியதாஸின் கையிலிருந்த உப்பு தரையில் கொட்டியது. "என்ன இருமல் இது? எத்தர நாளா இருக்கு?"

"தொண்டை கரகரப்புதான்."

"காசமா இருந்தா என்ன செய்ய? நர்ஸே இருமினா அந்த ஆஸ்பத்திரி வெளங்குமா? இன்னொரு தடவ இருமினீங்கன்னா துரைக்கு எழுதிருவேன், பாத்துக்கிடுங்க!"

ஜெயபாய் வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணைச் சுழற்றி மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தைக் காட்டினாள்.

"கண்ணுலயும் கோளாறா?" என்றார் பிள்ளை.

கண்ணும் போயிற்று. சத்தியதாஸ் கரண்டியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இருமல் வரவில்லை, ஆகவே உப்பு போடவில்லை. இருமல் வரவில்லை, ஆகவே மிளகாய்ப்பொடி போடவில்லை. மூன்று இருமல் வராததால் சட்டியை இறக்கவும் இல்லை. கறி வெந்தது, குழைந்தது, எலும்பைக் கைவிட்டது. அருமையான ஆட்டுக்கறி தன் கண்ணெதிரே இப்படிச் சீரழிவதைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் விறகுதான் தானாக அணைந்து புண்ணியம் கட்டிக்கொண்டது.

ஆறுமுகநயினார் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். ஜெயபாய் மனசுக்குள் மருந்து அலமாரிச் சாவிக்கு விடை கொடுத்தாள்.

"மொதலாளி!" ஆறுமுகநயினாரின் குரல் தழுதழுத்தது. "உப்பில்ல, ஒறப்பில்ல, மெல்லுறதுக்கு ஒண்ணுமே இல்ல. துரை வீட்டுச் சாப்பாடு அச்சு அசலு இதுதான்! நம்ம ஊர்க்காரன் கையில இது வரவே வராதே! சார் எங்க படிச்சீங்க?"

சத்தியதாஸ் வெட்கத்தோடு சிரித்தார்.

அவர் பாஸ். காசம் என்ற சந்தேகத்தில் எக்ஸ்ரே எடுக்கப் போனது ஜெயபாய். எத்தனையோ நோயாளிகளை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தியவள், அன்று தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தப்பும் செய்யாதவளுக்குப் பரிசோதனை, ஒன்றும் தெரியாதவருக்குப் பாராட்டு. உலகம் போகிற போக்கைப் பார் என்று மூச்சு விடாமலே கொதித்தாள்.

நெஞ்சில் ஒன்றுமில்லை என்று படம் சொன்னதும் பிள்ளை துரைக்கு எழுதினார். இனி எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று வேறு சொன்னார். அதை நம்பி, ஜெயபாய் நர்சிங் ஹோமில் வேலையை விட்டாள். "பஞ்சைப் பத்திரமாப் பூட்டி வச்சுக்கிடுங்க" என்று மைத்துனியிடம் சொல்லிவிட்டு வந்த அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் இரண்டு வேளைக்குப் பசிக்கவில்லை. சத்தியதாஸ் டைப்ரைட்டர்களை விற்றார். சபையில் வழியனுப்பு ஜெபம்கூட நடந்துவிட்டது.

துரையின் பதில் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு இருவரும் மண்டிக்கு ஓடினார்கள். பிள்ளையின் நாற்காலி காலியாக இருந்தது. இவர்கள் வருவதைக் கண்டதும் அவர் பின்கட்டு வழியாக நழுவியிருந்தார். ஆறுமுகநயினார்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"குசினிக்கார சாருக்குத் துரை கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த கப்பல்லயே ஏறலாம்."

"எனக்கு?" என்றாள் ஜெயபாய்.

ஆறுமுகநயினார் சுக்கு மூட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு குடும்பத்துல ஒரு ஆளுக்குத்தான் வேலையாம். தோட்டத்துச் சட்டமாம். நர்ஸ் இல்லாட்டாலும் கொஞ்ச நாள் ஓட்டிரலாம், குசினிக்காரன் இல்லாம முடியாதுன்னு துரை எழுதியிருக்காரு. நர்ஸ் வேலைக்குச் சிலோன்ல இருந்து வேற யாரோ வாறாங்களாம்."

ஜெயபாய்க்குக் காது அடைத்தது. பிறகு திறந்தது வாய்தான்.

"நோவுல கெடக்க சனத்தைவிட துரைக்க வயிறு பெரிசாப் போச்சா? வேலைக்கு எழுதிப் போட்டது நானு! படிச்சது நானு! வேலையை விட்டது நானு! நெஞ்சைப் படம் புடிச்சுக் காட்டினது நானு! இவருக்கு—"

அங்கே சட்டென்று நிறுத்தினாள். 'இவருக்குச் சமைக்கவே தெரியாது' என்று சொன்னால், இருக்கிற ஒரு கையெழுத்தும் போய்விடும். இங்கே வேலையும் இல்லை, டைப்ரைட்டரும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

சத்தியதாஸுக்கு மனசு பொறுக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக அவர் குரலை உயர்த்தினார். "அவ இல்லாம நான் போகல்ல! உள்ளதைச் சொல்லுதேன், கேளுங்க. எனக்குச் சமை—"

ஜெயபாய் மூன்று தடவை இருமினாள்.

சத்தியதாஸ் கொதிக்கிற சட்டியை இறக்குவதுபோல் குரலை இறக்கி, வாயை மூடிக்கொண்டார்.

நல்ல மனசுள்ள ஆறுமுகநயினாருக்கு அவள் கண் கலங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிட்டே வந்து ஆறுதலாகச் சொன்னார்:

"விசாரப்படாதீங்க சிஸ்டர், நீங்களும் போலாம். குசினிக்காரரு பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறதுக்குச் சட்டத்தில இடமிருக்கு!"