முயலண்ணனின் மீசைச் சாயம்

மதுரை ஜில்லாவிலேயே முயலுக்கு ஆதரவாக டாக்டரை வாசலில் மறித்த ஒரே மனிதர் எங்கள் முயலண்ணன்தான்.

பழங்காநத்தம் தாண்டி ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். புதிய சோப்பு, கிரீம், தரை கழுவும் திரவம் எல்லாம் தோலைப் பொசுக்குமா என்று அங்கே முயல்களின் முதுகைச் சிரைத்துத் தடவிப் பார்ப்பார்கள். அந்த ஆறு வெள்ளை முயல்களையும் கவனித்தவர் அண்ணன். தான் வரும் பஸ் நிற்கும் ஊர்களையே அவற்றுக்குப் பெயராக வைத்திருந்தார். சோதனை செய்ய வரும் டாக்டர் மேடத்தை வாசலிலேயே மறிப்பார்.

"மேடம், பேரையூருக்கு இன்னைக்கு மனசு சரியில்ல. கல்லுப்பட்டி ராவெல்லாம் தூங்கல. நாளைக்கு வாங்க!"

அப்புறம் மேடம் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். குழி குழியாக இருக்கும் சின்னத் தட்டுகளில் வளர்த்த மனிதத் தோல் செல்கள். சோதிக்க வேண்டிய சோப்பையோ கிரீமையோ தடவிக் கழுவிவிட்டு ஒரு கரைசல் விட்டால், உயிரோடு இருக்கும் செல் ஊதாவாகும், செத்தது ஆகாது. முடிவுகள் பழைய முயல் ரிப்போர்ட்டுகளோடு ஒத்துப்போனால் முயல்களுக்கு விடுதலை. இல்லையென்றால் மறுபடி முதுகைச் சிரைக்க வேண்டியதுதான்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "கண்ணு இல்ல, காது இல்ல. எரியுதுன்னு இது எப்படி மாப்ள சொல்லும்? பேரு வைக்கலாம்னா எம்புட்டு செல்லு! கன்னியாகுமரி வரைக்கும் பஸ் விட்டாலும் ஊரு பத்தாதே."

ஒரு நாள் காலை, நம்பர் இல்லாத தட்டு ஒன்று இருந்தது. ஒரு குழி நல்ல ஊதா. பக்கத்துக் குழியில் நிறமே இல்லை.

"யார் வச்சது?" மேடம் தட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

"நாந்தேன் மேடம். ஒண்ணுல தண்ணி. இன்னொண்ணுல என் மீசைச் சாயம்."

எல்லோரும் அந்தக் கன்னங்கரேல் மீசையைப் பார்த்தோம். அது அசல் என்றே அதுவரை நம்பியிருந்தோம்.

"பூசுற அன்னைக்கெல்லாம் ஒதடு வெந்துபோகும். அது சுடும்னு எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியுதான்னு பாத்தேன். இத நம்பித்தான என் புள்ளைக பொழப்பு இருக்கு?"

திட்ட வந்த மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். "தெரிஞ்ச ஒண்ண வச்சுத்தான் நாங்களும் முதல்ல சரிபார்ப்போம் அண்ணே. ஆனா இனிமே கேட்காம தட்டத் தொடாதீங்க."

கடைசியில் முடிவுகள் ஒத்துப்போயின. முறையாக எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு முயல்களையும் அண்ணன் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். சாயத்தையும் அன்றோடு விட்டுவிட்டார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மடியில் பேரையூர், வாயில் கீரையோடு. மேலே அதே வெள்ளையில் அண்ணனின் மீசை. எனக்கென்னவோ, இப்போதுதான் அவர் ரொம்ப அழகு.