கறுப்புத் திரைக்குள் ஒரு பல்

பல்லைக் காட்டியே காரியம் சாதிக்கிறவர்கள் உண்டு. நான் பல்லைக் காட்டி, காதலித்த பெண்ணை அலறவிட்டவன்.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. எலெக்ட்ரானிக் போர்டுகளில் பூசிய பூச்சு சரியாகப் பரவியிருக்கிறதா என்று, கறுப்புத் திரை போட்ட அறைக்குள் ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். பூச்சு மட்டும் இருட்டில் ஒளிரும். கூட இருந்தவள் செல்வி. தலை முதல் கால் வரை கருநீல உடை, மாஸ்க். கண் மட்டும் தெரியும். (அந்தக் கண்ணைத்தான் காதலித்தேன்.) என் முன்பல் ஒன்று சொத்தை என்பதால், கேன்டீனில்கூட அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. பல்லைச் சரிசெய்துவிட்டு, முழுசாகச் சிரித்து, கல்யாணப் பேச்சை எடுப்பது என்று திட்டம்.

சுங்குவார்சத்திரத்துப் பல் டாக்டர் ரூட் கெனால் செய்யச் சொன்னார்.

"வேரைக் கழுவ கெமிக்கல் வேணாம் சார். மூலிகை எதுனா ஊத்துங்க" என்றேன், மகா மேதாவியாக.

"மஞ்சள் சாறு இருக்கு. ஆனா கறை புடிக்கும்ப்பா."

"வெயில்ல காட்டுனா பூடும் சார்." (சட்டையில் பட்ட மஞ்சளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம்.)

பல் மஞ்சளானது. தினமும் கம்பெனி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியனைப் பார்த்து இளித்தேன். எதிரே வந்த லாரி டிரைவர்கள் கையசைத்தார்கள். கறை மங்கியதும் துணிச்சல் வந்துவிட்டது.

அன்று மதியம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். மாஸ்க்கை இறக்கிச் சிரித்தேன்.

செல்வி மெல்லப் பின்னால் நகர்ந்தாள். "இன்னாது அது... தனியா தொங்கிகினு கீது?"

கம்பெனி இருக்கும் இடம் முன்பு சுடுகாடு என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். திரும்பினேன். போர்டைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸின் இருண்ட கண்ணாடியில், முகமே இல்லாமல், பச்சையாக ஒரு துளி வெளிச்சம் மிதந்துகொண்டிருந்தது.

"யாரு?" என்றேன். அது அசைந்தது. வாயை மூடினேன், மறைந்தது. மூச்சு வாங்க மறுபடி வாயைத் திறந்தேன். அங்கேயே நின்று என்னைப் பார்த்தது. (அப்போதும் எனக்குப் புரியவில்லை.) அலறினேன். செல்வி என்னைவிடச் சத்தமாக அலறி, லைட்டைப் போட்டாள்.

பேயைக் காணோம். திறந்த வாயோடு நான் மட்டும் நின்றேன். (கண்ணுக்கு மங்கிப்போன மஞ்சள் கறையும் ஊதா விளக்கில் அந்தப் பூச்சு மாதிரியே ஒளிரும் என்று பிறகுதான் தெரிந்தது.)

செல்வி என் பல்லையே உற்றுப் பார்த்தாள். பிறகு, பழுதான போர்டில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து, பல்லைக் காட்டும்படி என் கன்னத்தில் ஒட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரிஜெக்ட்டா?"

"ரீவொர்க்" என்றாள். (சரிசெய்தால் தேறும் என்று அர்த்தம்.) "வூட்டாண்ட வந்து பேசு. ஆனா சிரிக்காத."

எங்கள் கல்யாண போட்டோவில் என் வாயருகே இன்றும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால் மகள் முந்திக்கொள்வாள்: "அப்பா இன்னும் ரீவொர்க்லதான் கீறாரு."