ரெண்டும் அண்ணாத்த

ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நம்பிய மனிதர் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். டீயா காபியா என்று கேட்டால் "ரெண்டும்" என்பார். கடைக்காரர் ஒருநாள் கடுப்பில் இரண்டையும் ஒரே கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "சக்கரதான் கொஞ்சம் தூக்கலு" என்றார். அன்றிலிருந்து அவர் ரெண்டும் அண்ணாத்த. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

படாளத்தில் லாரியில் கரும்பு ஏற்றுகிற வேலை தீர்ந்துபோய், கால் போன போக்கில் கோவளம் தாண்டி வந்திருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. முந்தின நாள் சாப்பிடவில்லை. அப்போது அது வழக்கம்தான். சாலையோரம் இளநீர் மட்டைக் குவியல் மேல் அண்ணாத்த ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, வேல வோணுமா, சோறு வோணுமா?"

"ரெண்டும்" என்றேன்.

சரிந்து இறங்கி வந்து கட்டிக்கொண்டார். "நம்மாளுடா நீ!"

வயல் வேலை போய்விட்ட பெண்களை வைத்து ஒரு சங்கம் நடத்தினார். சுற்றுலா வந்தவர்கள் குடித்துப் போட்ட மட்டைகளைப் பொறுக்கி, நார் பிரித்து, தூளை உரமாக்கி, மாடியில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ஆபீஸ் குடும்பங்களுக்கு விற்பது தொழில். கூலி போக மிஞ்சுவது, உடம்பு முடியாதவர்களின் மருந்துக்கு.

கூரைதான் இல்லை. மணலில் தார்ப்பாய் கட்டி வேலை. மழை வந்தால் உரம் கூழாகும், கூலி நிற்கும், அடுப்பும் நிற்கும். பெண்களுக்குத் தலைவியான பேபியக்கா கெடு வைத்துவிட்டார். "இந்த மழைக்குள்ள கூர வர்லன்னா, நாங்கல்லாம் ஆபீசுல தரை தொடைக்கப் பூடுவோம். நீ மட்ட மேல குந்திகினு இரு அண்ணாத்த."

அந்த ஊர் நகராட்சிக்குப் பூட்டிக் கிடக்கும் ஒரு சந்தைக் கட்டடம் உண்டு. ஊர் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் டீ கிடைக்க வேண்டும். உடைந்த சுவர் வழியே ஆடுகள் மட்டும் உள்ளே போய் வந்தன. கட்டடத்தைக் கேட்கப் போனோம்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பண்றது சேவையா, வியாபாரமா?"

"ரெண்டும் சார்."

"சேவைன்னா சுகாதாரப் பிரிவு. வியாபாரம்னா வருவாய்ப் பிரிவு, ஏலத்துல எடுக்கணும். ரெண்டும்னா இங்க பிரிவே கெடையாது."

"சேவைன்னே சொல்லிடுங்க" என்று காதில் கிசுகிசுத்தேன்.

"சேவைன்னா, உரத்த சும்மா குடுன்னுவான். வியாபாரம்னா, பெரிய கடைக்காரன் ஏலத்துல தூக்கினு பூடுவான். கீறத கீற மாதிரி சொல்றேன், இன்னா தப்பு?"

சுகாதாரம் வருவாய்க்கு அனுப்பியது. வருவாய் சுகாதாரத்துக்கு அனுப்பியது. மறுநாள் அண்ணாத்த வீட்டிலிருந்து ஓர் இரும்பு நாற்காலி கொண்டுவந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு முழங்கால் சேவையில், ஒரு முழங்கால் வியாபாரத்தில். போகிற வருகிறவர் எல்லாரும் இடறினார்கள். "எந்த செக்‌ஷனுக்குய்யா வந்த?" என்று கத்தினால், பதில் ஊருக்கே தெரிந்ததுதான். எனக்கோ அந்த வராந்தாவில் நின்று நின்று கால் குறுகுறுத்தது. தினமும் ஓடிவிட நினைத்து, தினமும் அவருக்கு டீகாபி வாங்கப் போனேன்.

முதல் மழையில் தார்ப்பாய் பறந்தது. பெண்கள் மட்டை பொறுக்குவதை நிறுத்தினார்கள். இளநீர் குடிப்பதை யாரும் நிறுத்தவில்லை. மட்டைகள் போய்க் கால்வாயை அடைத்துக்கொள்ள, அடுத்த மழைத் தண்ணீர் நேராக நகராட்சி அலுவலகத்துக்குள் வந்தது. புதிதாக வந்திருந்த ஆணையர் அம்மா ஏறி நிற்க வராந்தாவில் ஒரே இடம்தான் இருந்தது: அந்த இரும்பு நாற்காலி. அண்ணாத்த எழுந்து கொடுத்துவிட்டுத் தண்ணீரில் நின்றார்.

"இந்த மட்டையெல்லாம் இத்தன நாளா யார் எடுத்தது?"

"நாங்கதாம்மா. எடுத்தா ஊருக்கு சேவை, வித்தா எங்களுக்கு வியாபாரம். ஒரே மட்டதாம்மா!"

ஒரு மட்டை அவர்களுக்கு நடுவே மிதந்து போனது. அம்மா அதையே பார்த்தார். "சரி, உங்களுக்கு எடம் வேணுமா, மட்டை அள்ள வண்டி வேணுமா, இல்ல உரத்த நாங்களே வாங்கணுமா?"

"ரெண்டும்மா!"

வாசலில் நின்ற பேபியக்கா அலறினார். "யோவ், மூணுன்னு சொல்லுய்யா!"

மூன்றும் வந்தன. கவுன்சிலர்கள் ஒரு முழுப் பகல் சண்டை போட்ட பிறகு, இரண்டு பிரிவுகளும் சேர்ந்தே கையெழுத்திட்டன. நகராட்சி வண்டியே மட்டைகளைக் கொண்டுவந்து கொட்டியது. நகராட்சிப் பூங்காதான் எங்கள் முதல் பெரிய வாடிக்கை. பேபியக்கா தரை துடைக்கப் போகவில்லை. ஆடுகள் மட்டும் தீர்ப்பை ஏற்காமல் வாசலில் மறியல் செய்தன.

கூரை வந்ததும் எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரே கூரைக்கடியில் நிறைய நாள் தூங்கிப் பழக்கமில்லாத உடம்பு. பையை எடுத்துக்கொண்டு கடப்பாக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். அண்ணாத்த வந்து பக்கத்தில் நின்றார். பஸ் வந்தது.

"போறியா நைனா, இருக்கியா?"

படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு சொன்னேன். "ரெண்டும்."

அதற்கப்புறம் எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று; நடுநடுவே அந்தக் கூரைக்கடியிலும் வந்து படுத்தாயிற்று. அந்தப் பதில் இன்னும் பொய்யாகவில்லை.