பிரஷர் இருபத்தாறு

இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் குடும்பத்தோடு வரவிடக் கூடாது என்று குமாஸ்தா தீர்மானித்துவிட்டார். அதை மனைவியிடம் நேராகச் சொல்ல தைரியம் வேண்டும். பதினெட்டு வருஷ இல்லறத்தில் அது ஒருநாளும் அவர் கைவசம் இருந்ததில்லை. அதனால் மூளையை நம்பினார்.

மச்சான் வீட்டார் வருவது கொல்லைப்புற நீச்சல் குளத்துக்காக. குளம் படுத்துவிட்டால் அவர்கள் எதற்கு வரப்போகிறார்கள்?

குளத்துத் தண்ணீரை பம்பு இழுத்து, மணல் நிரம்பிய தொட்டிக்குள் தள்ளும். அழுக்கு மணலில் தங்கும். சுத்தமான தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். தொட்டி மேலே ஒரு பிரஷர் மீட்டர். முள் பன்னிரண்டில் நின்றால் சுகம். இருபதைத் தாண்டினால் மணல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை, தண்ணீர் திரும்பும் குழாயின் வால்வை முக்கால்வாசி மூடினார். போக வழியில்லாத தண்ணீர் முட்டி மோத, முள் இருபத்தாறுக்கு ஏறியது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"குளம் போச்சும்மா. பிரஷர் இருபத்தாறு."

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரஷர் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மீட்டரைத் தட்டினாள். குழாயில் காதை வைத்தாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணியைத் திருப்பி விட்டு மணலைக் கழுவினீங்களா?"

"ரெண்டு தடவை! முள்ளு இறங்கவே மாட்டேங்குது. மணல் கட்டி தட்டிப் போச்சு."

"அப்போ மணலை மாத்தியே ஆகணும்?"

"மாத்தியே ஆகணும். உங்க அண்ணன்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

"சரிங்க."

ஒரே வார்த்தை. குமாஸ்தா அன்று முழுக்கச் சீட்டியடித்தார்.

ஞாயிறு காலை வாசலில் மச்சான் நின்றார். குடும்பம் இல்லை. வண்டி நிறைய மணல் மூட்டை.

"மாப்பிள்ளை, கவலையை விடுங்க! யோசனை சொல்ல நான் இருக்கேன்!"

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இடுப்பு போகும். குமாஸ்தா மானத்தைத் தேர்ந்தெடுத்தார். மச்சான் பம்பை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்ல, இவர் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, மணலைச் சொம்பு சொம்பாக மொண்டு கொட்டினார். பிறகு புது மணலைக் கொட்டி நிரப்பினார். மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் யாரும் பார்க்காதபோது வால்வைத் திறக்கப் போனார்.

அது ஏற்கெனவே திறந்திருந்தது. பின்னால் மனைவி.

"நேத்தே திறந்துட்டேங்க."

"தெரிஞ்சேதான் என்னைத் தோண்ட விட்டியா?"

"வால்வை மூடினது நீங்க. வாயைத் திறக்க வேண்டியதும் நீங்கதானே? மணல் மாத்தி ஏழு வருஷமாச்சு. கேட்டப்போல்லாம் மூட்டு வலின்னீங்க."

"சரி, முடிஞ்சுது. உங்க அண்ணன் எப்போ கிளம்புறாரு?"

"இப்பத்தான் கூரையைப் பார்த்தாரு. நாலஞ்சு ஓடு நகர்ந்திருக்காம். அடுத்த ஞாயித்துக்கிழமை ஏணியோட வராரு."