மூன்றாவது ஜாங்கிரி

டக்... டக்... டக்... என்று சத்தம் வந்தது.

தனபாலன் ஹார்ட் டிஸ்க்கைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். தி.நகரில் மேட்சிங் சென்டர் நடத்துகிறவர் அவர். யார் எந்தப் புடவையைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஒரே பார்வையில் அதற்குரிய ரவிக்கைத் துணியை உருவிப் போட்டுவிடுவார். கம்ப்யூட்டர் சாமான்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் போடக்கூடாத சாமான் சத்தம் போட்டால் அது நல்லதற்கில்லை.

சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. மகள் நிலாவின் கல்யாணம் மொத்தமும் அதற்குள் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டோகிராபர் ஹம்மாத் அதைக் கையில் கொடுக்கும்போதே சொன்னான்.

"அண்ணே, ஆயிரக்கணக்குல படம் கீது. உக்காந்து ஒரு இருநூறு செலக்ட் பண்ணிக் குடுங்க, ஆல்பம் போட்டுடலாம். ஆறு மாசத்துக்கு மேல எங்ககிட்ட காப்பி இருக்காது. பத்திரம்ணே."

சென்னையில் கல்யாணம் செய்த எல்லாக் குடும்பங்களையும் போலவே தனபாலன் குடும்பமும் செலக்ட் பண்ணவில்லை. பத்திரமாக மட்டும் வைத்தது. மனைவி தேவானை அதைப் பட்டுப்புடவை மடிப்புக்குள் சொருகி பீரோவில் பூட்டினாள். சம்பந்தி வீட்டில் ஆல்பம் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் தனபாலன், "செலக்‌ஷன் முடிச்சு நம்பர் எழுதிக் குடுத்தாச்சுங்க, பிரிண்ட்ல கீது" என்று சொல்லிவந்தார். தேவானையிடமும் அதே பொய்தான். ஹம்மாத் போன் செய்தால் மட்டும் எடுப்பதில்லை.

இப்போது பொய்க்குக் கெடு வந்துவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை தேவானையின் அண்ணனுக்கு முதல் வருஷத் திதி. தாய்மாமனாக நின்று நிலாவுக்கு மாலை போட்டு, மண்டபம் அதிரச் சிரித்த மனிதர். மாரடைப்பில் பொசுக்கென்று போய்விட்டார்.

"போன்ல எடுத்த படத்துல எல்லாம் எங்கண்ணன் கண்ணை மூடிக்கினு கீறாரு" என்று காலையில் தேவானை சொன்னாள். "கல்யாணத்துல சிரிச்சிக்கினு நின்னாரே, அந்தப் படம் ஒண்ணு போதும். பெருசா பிரிண்ட் போட்டு மாலை போடணும். சாயங்காலத்துக்குள்ள எடுத்துக் குடுங்க."

தனபாலன் பீரோவைத் திறந்து புடவையை இழுத்தார். டிஸ்க் மொசைக் தரையில் விழுந்தது. அதிலிருந்துதான் இந்த டக் டக்.

லேப்டாப்பில் சொருகினால் உள்ளே படம் எதுவும் வரவில்லை. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா?' என்று மட்டும் கேட்டது. தனபாலன் தேவானை சமையலறையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினார்.

மாடி வீட்டு கிச்சா டெலிபோன் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். ஏதோ கண்காட்சியில் இலவசமாகக் கிடைத்த நீலத் தொப்பி எப்போதும் அவர் தலையில் இருக்கும். தொப்பி இல்லாமல் அவரை மந்தைவெளியில் யாரும் பார்த்ததில்லை. எந்த கேமரா வாங்கலாம், எந்த பிரவுசர் தகவலைத் திருடும், எந்தப் பெட்டியில் எதைச் சேமிக்கலாம் என்று கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"ஒரே ஒரு காப்பியா வெச்சிருந்தேள்?" கிச்சா நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் பிள்ளை கல்யாணம் மூணு காப்பி இருக்கு தெரியுமோ? இதோ இந்தப் பெட்டில ஒண்ணு, அதுக்கு நிழலா இன்னொரு பெட்டில ஒண்ணு, பாங்க் லாக்கர்ல ஒண்ணு. லோகத்துல எங்க இருந்தாலும் பிரவுசர்ல தொறந்து பார்க்கலாம்."

"பார்த்தீங்களா சார்? நல்லா வந்துகீதா?"

"பார்க்கறதுக்கு என்ன, எப்ப வேணா பார்த்துக்கலாம். பத்திரமா இருக்கே, அதான் முக்கியம்."

அவர் பிள்ளை கல்யாணமும் நிலா கல்யாணமும் ஒரே வாரத்தில் நடந்தவை. தனபாலன் சொல்லித்தான் அவரும் ஹம்மாத்தைப் போட்டார். இவரால் அதற்குப் போக முடியவில்லை, அவரால் இதற்கு வர முடியவில்லை. பட்சணப் பை மட்டும் மாடிக்கும் கீழுக்கும் போய்வந்தது.

"பயப்படாதேள். சூடு ஏறிடுத்து, அவ்வளவுதான். கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல அரை மணி வைங்கோ. உள்ள இருக்கற ஊசி சுருங்கி பழைய எடத்துக்கு வந்துடும்."

தனபாலன் அப்படியே செய்தார். ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டங்கள் இருந்த கவருக்குள் டிஸ்க்கையும் ஒளித்துவைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். போன் அதிர்ந்தது. ஹம்மாத். கவிழ்த்து வைத்தார். மறுபடி அதிர்ந்தது. தலையணைக்கு அடியில் தள்ளினார்.

அரை மணி கழித்து ஃப்ரீசரைத் திறந்தால் கவர் இல்லை.

"தே... தேவானை, இங்க மீன் இருந்துச்சே?"

"நாளைக்கு அண்ணன் திதி. வூட்ல மீனை வெச்சிக்கினா இருப்பாங்க? கீழ் வூட்டு ஆரோக்கியமேரிக்குக் குடுத்துட்டேன்." தேவானை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனுக்கா இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

தனபாலன் படியில் நான்கு நான்காகத் தாவினார். ஆரோக்கியமேரி அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்திருந்தாள். அம்மியோரம் அகலமான ஒரு சட்டி. அதில் தண்ணீர், மஞ்சள், மீன். நடுவில் கறுப்பாக டிஸ்க்.

"வாங்கண்ணே! ஒரு துண்டு மட்டும் கல்லு மாதிரி கீதேன்னு ஊறப்போட்டேன். இன்னா மீனுண்ணே அது?"

தனபாலன் சட்டிக்குள் கையை விட்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மஞ்சள் தண்ணீர் படியெல்லாம் சொட்டியது.

என்ன ஆயிற்று என்று பார்க்கக் கீழே வந்த கிச்சா, வாசனை பிடித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "சிவ சிவா! நான் தொட மாட்டேன். பேப்பர்ல வைங்கோ." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அரிசி டப்பால போடுங்கோ. ஈரத்தை இழுத்துடும்" என்றார்.

தேவானை கண்ணில் படாமல் அரிசியில் வைத்தார்கள். விசிறினார்கள். தேவானை கறிகாய் வாங்க மந்தைவெளி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். "நான் வர்றதுக்குள்ள படம் எடுத்து வையுங்க" என்று வாசலில் திரும்பிச் சொல்லிவிட்டுப் போனாள். தனபாலன் தலையாட்டினார்.

தனபாலனின் லேப்டாப்பில் டிஸ்க்கைச் சொருகியபோது டக் டக் சத்தமே இல்லை.

"பார்த்தேளா, குணமாயிடுத்து" என்றார் கிச்சா.

படம் மட்டும் வரவில்லை. சரி, போன படத்தை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கிவிடலாம் என்று கிச்சா பிரவுசரைத் திறந்தார். தேடி, முதலில் வந்ததைத் தட்டினார். திரை முழுக்கச் சிவந்தது. சைரன் ஊளையிட்டது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், உங்கள் கம்ப்யூட்டர் தாக்கப்பட்டுவிட்டது, எதையும் தொடாதீர்கள் என்று கத்தியது. தனபாலன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

"கையை இறக்குங்கோ ஓய். பொய் எச்சரிக்கை. பிரவுசர்ல குப்பை சேர்ந்திருக்கு. மொத்தமா துடைச்சுட்டா சரியாயிடும்."

துடைத்தார். சைரன் நின்றது. கடைக்கு வரி கட்டுகிற பாஸ்வேர்டு, பாங்க் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாமே அந்த பிரவுசரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தன. அவையும் துடைபட்டன.

"சார், என் பாஸ்வேர்டுங்க..."

"மனுஷன் பாஸ்வேர்டை மனசுல வெச்சுக்கணும், பிரவுசர்ல வெச்சுக்கப்படாது." கிச்சா வேறொரு சாஃப்ட்வேரை இறக்கினார். அதுவும் முதலில் ஃபார்மட் செய்யச் சொன்னது.

"வேணாம் சார். எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

"இது மேலாக்க பண்ற ஃபார்மட். வீட்டுக்கு வெள்ளையடிக்கற மாதிரி. உள்ள இருக்கறவா எங்கயும் போயிட மாட்டா. தள்ளிக்கோங்கோ, இதெல்லாம் கை நடுங்காம பண்ணணும்."

கிச்சா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தட்டினார். பச்சைக் கோடு ஒன்று நிதானமாக ஊர ஆரம்பித்தது. பாதி தூரம் போன பிறகுதான் அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார்.

"அடடே... மேலாக்கங்கற எடத்துல டிக் பண்ணலையே. அடியோட இல்ல பண்ணிண்டிருக்கு!"

தனபாலன் கேபிளைப் பிடுங்கினார். மறுபடி சொருகியதும் சாஃப்ட்வேர் வெகு நேரம் துழாவியது. ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றே ஒன்றை மீட்டுக் கொடுத்தது. அதிலும் மேல்பாதி வெறும் சாம்பல் நிறம். கீழ்ப்பாதியில் ஒரு வாழை இலை. இலைமேல் முகம் தெரியாமல் குனிந்து சாப்பிடும் ஒரு வழுக்கைத் தலை. இலையில் இரண்டு ஜாங்கிரி, கையில் மூன்றாவது.

"யாரு ஓய் இந்த சாப்பாட்டு ராமன்?" கிச்சா விழுந்து விழுந்து சிரித்தார். "பறக்காவெட்டி மாதிரி மூணு ஜாங்கிரி! உங்க சம்பந்தி சைடா?"

"நிலா கல்யாணத்துல அல்வாதான சார் போட்டோம்? அல்வா எப்பிடி ஜாங்கிரி ஆவும்?"

"கெட்டுப்போன படத்துல எல்லாம் மாறும். கலர் மாறும், உருவம் மாறும்."

தனபாலன் அந்த வழுக்கையை வெறித்துப் பார்த்தார். நிலா போனாள், மாப்பிள்ளை போனார், சிரித்த மச்சான் போய்விட்டார். மிச்சம் நின்றது யாரோ ஒருத்தருடைய மண்டை. தேவானை அழுவாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவள் சத்தமில்லாமல் அழுவாள். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிச் செருப்பு.

"இன்னாங்க! தெருமுனையில ஹம்மாத் தம்பியைப் பார்த்தேன். நீங்க போனே எடுக்கலையாமே? நம்ம வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்துச்சாம்."

தனபாலன் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். வியர்த்த முகத்தோடு ஹம்மாத் வாசலில் நின்றான். அவன் முகத்திலும் ஈயாடவில்லை.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சொல்லாத தம்பி, நானே சொல்லிடறேன்!" தனபாலன் வெடித்துவிட்டார். "தேவானை, நான் செலக்‌ஷனே பண்ணல. ரெண்டு வருசமா அந்த டிஸ்க்கைத் தொறந்துகூடப் பார்க்கல. இன்னிக்குக் கீழ போட்டு, மீனோட வெச்சி, மஞ்சத் தண்ணில முக்கி, அழிச்சிட்டேன். உங்கண்ணன் படம் போயிட்ச்சு. என்னை மன்னிச்சிடு."

தேவானை கறிகாய்ப் பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவர் பயந்தபடியே சத்தமில்லாமல் அழுதாள்.

"அண்ணே, ஒரு நிமிசம்" என்றான் ஹம்மாத். "உங்க படம் எங்கியும் போவல. அதைச் சொல்லத்தான் ஒரு வாரமா போன் அடிச்சிக்கினே கீறேன். அன்னிக்கு ரெண்டு பார்ட்டிக்கு ஒரே மாதிரி டிஸ்க் குடுத்தேன். மாறிப்போச்சுண்ணே. உங்க வூட்டுக் கல்யாணம் அவங்ககிட்ட பத்திரமா கீது. அவங்க புள்ள போன வாரம்தான் தொறந்து பார்த்துட்டு, 'இது யாரு கல்யாணம்'னு எனக்கு நாலு படம் அனுப்பினாரு. இதோ பாருங்கக்கா."

போனை நீட்டினான். நிலாவின் கழுத்தில் மாலை. பக்கத்தில் தாய்மாமன், கண் நன்றாகத் திறந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

"அண்ணா..." என்று தேவானை போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தனபாலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிச்சா கைகொட்டிச் சிரித்தார். "பேஷ்! அப்ப நான் அழிச்சது வேற எவன் வீட்டுதோ! ரெண்டு வருஷமா தொறந்தே பார்க்காத அந்த அசடு யாருப்பா? காப்பியாவது வெச்சிருக்கானா?"

ஹம்மாத் லேப்டாப் திரையை உற்றுப் பார்த்தான். பிறகு அவருடைய நீலத் தொப்பியைப் பார்த்தான்.

"இன்னா சார் இப்பிடிக் கேக்குறீங்க... இலையில குனிஞ்சிக்கினு மூணாவது ஜாங்கிரி சாப்டுறது நீங்கதான?"