அவர் கட்டியிருக்கும் என் கடிகாரம்

மைத்துனர் அவர்களுக்கு,

உம் அத்தான் எழுதுவது. இங்கு நானும் உம் அக்காவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மேற்கொண்டு பொய் வரவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கையில் ஒரு கௌரவம் வேண்டாமா என்று ஆசை காட்டி, பழைய உயர்ரகக் கடிகாரங்கள் விற்கும் கடைக்கு என்னை இழுத்துப் போனவர் நீர். "இது ஆட்டோமேட்டிக் சார், சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம், கை அசைஞ்சா ஓடும், கழட்டி வெச்சா ரெண்டு நாள்ல தானா நின்னுடும்" என்று கடைக்காரர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவரும் நீரே. அப்படியிருக்க, அதை பீரோவில் பூட்டிவிட்டு நான் மட்டும் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து திறந்தால், நிமிஷம் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்குத் தொட்டால் இளஞ்சூடு, யாரோ இப்போதுதான் கையிலிருந்து கழற்றி வைத்த மாதிரி. என் அளவுக்குக் கண்ணி குறைத்து வாங்கிய பட்டை, இப்போது மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றுகிறது. கடைக்கு ஓடி, இதை முன்பு கட்டியிருந்தது யாரய்யா என்றேன். "தடிச்ச கை சார், சாதுவான மனுஷர். கடைசிவரைக்கும் கழட்டவே இல்ல" என்றார். எதன் கடைசி என்று கேட்காமலே படியிறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உம் அக்காவிடம் புலம்பினால், "ஓ, மத்தியானத்துல கூடத்துல வந்து உக்கார்றாரே, அவரோடதா?" என்கிறாள். யாருடி என்றேன். "முதுகைத்தான் பாத்தேன். நீங்கதான் மக வீட்டுலேர்ந்து சீக்கிரம் வந்துட்டீங்கன்னு டீ வெச்சேன். கூப்பிட்டா திரும்பல, சரி நீங்களேதான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா டம்ளர் கழுவிக் கவுத்திருக்கு. அப்பதான் நீங்க இல்லன்னு தெரிஞ்சுது." பயமா இல்லையா என்றதற்கு, "கழுவி வெக்கிற மனுஷனைப் பாத்து எதுக்குப் பயம்?" என்கிறாள். நேற்று அவளே டீயோடு கூடத்துக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! நான் அடுக்களையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன், என் வீட்டில், விருந்தாளி மாதிரி.

ஆகவே இதைக் கண்டதும் புறப்பட்டு வந்து கடிகாரத்தை எடுத்துப் போம். உம் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். கடிகாரம் கட்டாமல் வெறுங்கையோடு இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு பங்கு கூடுதலாக.

இப்படிக்கு,
உம் அத்தான்

பின்குறிப்பு: நீர் வர வேண்டாம். இன்று காலை கடிகாரம் நின்றுவிட்டது. அப்போது முதல் உம் அக்கா கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் நானே அதைக் கட்டிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை கழன்றுவிட்டது. இப்போதுதான் விநாடி முள் நகர்ந்தது. அடுக்களையில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். உம் அக்கா என் பக்கத்தில்தான் நிற்கிறாள்.