நெட்டைத் தின்னது யாரு?

அன்று காலை இட்லியைச் சட்னியில் தோய்க்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டில் நெட்டைத் தின்பது யார் என்று உலகத்துக்கு நிரூபிக்காமல் ஓயப் போவதில்லை. உலகம் என்றால் அனுசுயா. என் மனைவி. எனக்கு வேறு உலகம் கிடையாது. இருக்க அவள் விட்டதும் கிடையாது.

விஷயம் இதுதான். எங்களுக்குத் தேனிப் பக்கம் கூடலூர். நான் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மேசை மேல் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப் போனது. அதற்கு ஒயர் வழியாக நெட் வருகிறது. மாசத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு. அது தீர்ந்தால் நெட் நிற்காது. நின்றால்கூடத் தேவலை. யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிற ஆள் மாதிரி மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வரும்.

போன மாசக் கடைசியில் அப்படி மூச்சு வாங்கியதில் அனுசுயாவின் வேலையே போகப் பார்த்தது. அவள் எம்.ஏ. தமிழ், பி.எட். அந்தப் படிப்பெல்லாம் இத்தனை வருஷமாக அடுப்படியில் கிடந்தது. நார்வே, டென்மார்க் பக்கம் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக அ, ஆ சொல்லிக்கொடுக்க ஒரு கம்பெனி ஆள் தேடியது. இவளும் எழுதிப் போட்டு, பேசிப் பாஸாகி, கடைசியாக மாதிரி வகுப்பு. கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'ஆடு' என்று சொல்ல வாயைத் திறந்தாள். நெட் அங்கேயே நின்றுவிட்டது. நார்வேயில் எல்லோருக்கும் என் மனைவி வாயைத் திறந்தபடி தெரிந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்து வருகிற காட்சி. அவர்களுக்குத்தான் புதுசு.

கம்பெனி நல்ல கம்பெனி. இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை இன்னொரு தடவை வகுப்பு எடுங்கள் என்றார்கள். அன்றைக்கும் நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அனுசுயா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நானும் ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் பழியைத் தூக்கி என் தலையில் வைத்தாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது.

"நெட்டைப் பூராம் தின்னு தீத்தது நீங்கதான்."

"நானா? ராத்திரி சாப்புட்டதுக்கு அப்புறம் ஏதோ கொஞ்சூண்டு மாட்டுவண்டிப் பந்தயம் பாக்குறேன். அதுலயா தீந்துருச்சு?"

"கொஞ்சூண்டா? இருக்குறதுலயே தெளிவான படமா வச்சுல்ல பாக்குறீக. மாட்டு மூக்குல ஊறுற தண்ணிகூடத் தெரியுது."

"மாட்டோட கால் தெரியலைன்னா அது என்ன பந்தயம்? நீ தெனமும் சாயங்காலம் பழகிப் பாக்குறேன்னு ஆறு மணிக்கு உக்காந்து மூஞ்சியக் காட்டிப் பேசுறியே, அதுதான் தின்னுது."

"என் மூஞ்சி என்ன அம்புட்டுப் பெருசா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிற புருஷன் தேனி மாவட்டத்திலேயே கிடையாது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

தண்ணீர் குடிக்கும்போதுதான் மீட்டர் யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் நெட் வேகத்தை அளந்து காட்ட ஒரு மென்பொருள் இருக்கிறதாம். இறக்கிப் போட்டேன். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டது. கீழே பார்த்த அம்புக்குறி, வந்த நெட். மேலே பார்த்த அம்புக்குறி, போன நெட். அமுக்கினால் எந்த நேரத்தில் எவ்வளவு தின்றது என்று மணி வாரியாகச் சொல்கிறது. ஆறு மணி அவளுடையது, எட்டு மணிக்கு மேல் என்னுடையது. இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

"ஏத்தா அனுசுயா, இங்கன வா. கரண்டுக்கு மீட்டர் இருக்குல்ல, அது மாதிரி இது நெட்டுக்கு."

"இது பொய் சொல்லாதா?"

"மீட்டர் எப்படிப் பொய் சொல்லும்? மீட்டர் சொல்றதுதான் தீர்ப்பு. உன் வகுப்பு முடியிற வரைக்கும் ஓடட்டும். யாரு அதிகமாத் தின்னதுன்னு காட்டுதோ, அவுக அடுத்த மாசம் பூராம் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது."

"எனக்கு வேலை கெடச்சிட்டா?"

"அப்பப் பாத்துக்குவோம்" என்றேன்.

கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். என் திட்டம் வேறு. அவள் தோற்றதும் நானே பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பேன். பதிலுக்கு, நான் பந்தயம் பார்க்கும்போது இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்வேன். அவ்வளவுதான்.

அனுசுயா மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மீட்டர் சொல்றதுதான் தீர்ப்பு?"

"ஆமா."

"பேச்சு மாற மாட்டீகளே?"

"இந்தப் பாண்டீஸ்வரன் பேச்சு மாறுனதா சரித்திரமே கெடையாது."

எங்கள் வீட்டுச் சரித்திரத்தை எழுதுகிறவளே அவள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கடையிலிருந்து ஓடோடி வந்தேன். அனுசுயா வகுப்பு எடுத்துப் பழகி முடித்துவிட்டு, மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மீட்டரை அமுக்கினேன். ஆறு மணிக்கு நேரே பூஜ்யம். எட்டு மணிக்கு மேல், அதாவது முந்தின நாள் என் நேரம், கட்டை கட்டையாக ஏறிக் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னைக்கு நீ பழகலையா?"

"பழகாம? மேல் வீட்டுக்காரக வரைக்கும் கேட்டுச்சாம். நெடில் நல்லா வருதுன்னாக."

அப்படியானால் மீட்டரில்தான் கோளாறு. அதை மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மறுநாளும் ஆறு மணிக்குப் பூஜ்யம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். திரையில், அவள் பழகிப் பார்க்கப் பிடித்துவைத்த சிநேகிதி அசைகிறாள், சிரிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள். ஓரத்தில் என் மீட்டர் மட்டும் செத்த மாதிரி கிடக்கிறது. எட்டு மணிக்கு நான் உட்கார்ந்ததும் துள்ளி எழுந்து ஓடுகிறது. மாடுகூட அவ்வளவு வேகமாக ஓடவில்லை.

பக்கத்து ஊரான கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஆதித்தனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நெட் மீட்டர் ஒரு ஆளுக்கு ஓடுது, இன்னொரு ஆளுக்கு ஓட மாட்டேங்குது."

"அண்ணே, மீட்டருக்கு ஆள் தெரியாதுண்ணே."

"என் வீட்டு மீட்டருக்குத் தெரியுதே. என் பொண்டாட்டி உக்காந்தா பயந்து அடங்கிருது."

"அதுக்கு மீட்டரக் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பாருங்க."

அழித்தேன். ஏற்றினேன். காவலுக்கு இருக்கிற மென்பொருள் தடுக்கிறதோ என்று அதனிடம் அனுமதி வாங்கினேன். அமைப்புக்குள் போய்த் தெரிந்ததை மாற்றினேன், தெரியாததையும் மாற்றினேன். ஆறு மணி பூஜ்யமாகவே இருந்தது. போகப் போக என் பக்கத்துக் கட்டையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

கடைசியில் கீழே வைத்திருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் ஏதாவது கோளாறோ என்று மேசைக்கு அடியில் புகுந்தேன்.

"பாத்துங்க" என்றாள் அனுசுயா. "ஆயுத பூசைக்கு வச்ச சந்தனம் குங்குமம் இன்னும் இருக்கு. அழிச்சுராதீக."

பார்த்தேன். பெட்டியின் பின்னால் கட்டை விரல் தண்டிக்கு ஏதோ ஒன்று துருத்திக்கொண்டு, மேலே சந்தனப் பொட்டும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது. வருஷா வருஷம் உரக்கடைத் தராசு முதல் சைக்கிள் பெடல் வரைக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிற குடும்பம் எங்களுடையது. பொட்டு வைத்த சாமானில் கை வைப்போமா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் வகுப்பு. அனுசுயா காலையிலிருந்தே சேலையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"நீங்க குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன். சனிக்கிழமையும் அதுவுமா உங்க மீட்டருக்கும் சேத்து ஒரு எள் விளக்குப் போடுங்க."

நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் படபடப்பு கூடும் என்று புரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பஸ் ஏறினேன். உத்தமபாளையம் தாண்டவில்லை, ஆதித்தன் கூப்பிட்டான்.

"அண்ணே, ரோசிச்சுப் பாத்தேன். மீட்டர்ல ஒண்ணுமில்ல. எதுக்கும் பின்னால ஒயரு சொருகுற எடத்தைப் பாருங்க. லூசா இருந்தாலும் இருக்கும்."

 மீட்டர் கிடக்கட்டும் கழுதை. ஒயர் லூசு என்றால் இன்றைக்கு அவள் வகுப்பு என்னாவது? இன்னொரு தடவை அவள் வாய் திறந்தபடி நின்றால், அதற்கப்புறம் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? சனீஸ்வரரிடம் பஸ்ஸிலிருந்தே மன்னிப்புக் கேட்டுவிட்டு, இறங்கி எதிர்ப் பஸ்ஸில் தொற்றினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது வகுப்பு ஆரம்பித்துவிட்டிருந்தது. திரை நிறையப் பிள்ளைகள். நடுவில் கம்பெனிக்காரர்கள் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். நான் கேமராவில் விழாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து மேசைக்கு அடியில் போனேன். பின்பக்கம் கையை விட்டு ஒயரைத் தேடிப் பிடித்து நன்றாக அமுக்கினேன்.

ஒயரின் முனையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி எப்போதோ உடைந்திருக்கிறது. அமுக்கிய கையை எடுத்தேன். ஒயரும் கையோடு வந்துவிட்டது.

முடிந்தது கதை. அவள் வேலையை என் கையாலேயே பிடுங்கிவிட்டேன். ஒயரை மறுபடி சொருகப் பார்க்கிறேன், ஓட்டை அகப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அனுசுயா அழப் போகிற சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டேன்.

பொத்திய காதிலும் கேட்டது.

"ஆடு எங்க போச்சு? எல்லாரும் தேடுங்க பாப்போம்."

நார்வேப் பிள்ளைகள் சேர்ந்து கத்தின. "ஆடு தோட்டத்துக்குப் போச்சு!"

நான் ஒயரைப் பார்த்தேன். அது என் கையில் இருந்தது. தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தேன். பிள்ளைகள் அசைந்தார்கள். கம்பெனிக்காரர் ஒருத்தர் சிரித்தார். ஓரத்தில் மீட்டர் பூஜ்யம் காட்டியது. அனுசுயா ஆட்டைத் தேடிக்கொண்டே, என்னைத் திரும்பியும் பார்க்காமல், காலால் என் தலையை மேசைக்கு அடியில் தள்ளினாள். வகுப்பு முடிகிற வரைக்கும் அங்கேயே கிடந்து உயிரெழுத்துப் பூராவும் கேட்டேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.

முடிந்ததும் குனிந்து பார்த்தாள்.

"குச்சனூர் போகலையா?"

"ஒயரு கையோட வந்துருச்சு அனுசுயா. அப்புறம் எப்படி ஓடுச்சு?"

"உங்க ஒயருல ஓடுனாத்தானே நிக்கும்?" என்று பெட்டியின் பின்னால் இருந்த சந்தனப் பொட்டைக் காட்டினாள். "அது காத்துல வர்ற நெட்டைப் புடிக்கிற சாமான். பக்கத்து வீட்டு ஜெபராஜ் அண்ணன் நெட்டு. மகன் போன்லயே சொல்லிக் குடுத்தான். ஒரு அமுக்கு அமுக்குனா அவுக வழி, இன்னொரு அமுக்கு அமுக்குனா உங்க வழி. உங்க மீட்டரு ஒயருல வர்றதை மட்டுந்தான் எண்ணுமாம்."

"ஜெபராஜ் சும்மாவா குடுத்தான்?"

"அவுக வீட்டு ஷீபாக்கா கேரளாவுல பீர்மேட்டுக்காரக. தமிழ் பேசுவாக, படிக்க வராது. நான் எழுத்துச் சொல்லிக் குடுக்குறேன், அவுக நெட்டுக் குடுக்குறாக. இப்பக் குமுளி ஜீப்புல எழுதியிருக்குறதெல்லாம் அவுகளே படிக்குறாக."

"அந்தச் சந்தனம்?"

"பொட்டு வைக்கலைன்னா புடுங்கிப் பாப்பீக. வச்சா, கும்புட்டுட்டுப் போயிருவீக."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் ஒயர் கையோடு வந்தபோது செத்துப் பிழைத்தேனே, அந்த நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கலாமா?

"இது செல்லாது. உன் வழியை மீட்டர் எண்ணவே இல்ல."

"மீட்டர் சொல்றதுதான் தீர்ப்புன்னு யாரு சொன்னாக? பூராம் உங்க மாடு தின்னதுன்னு காட்டுது. அடுத்த மாசம் அந்தப் பக்கமே போகக் கூடாது."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. அனுசுயா உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன சொல்கிறார்களோ என்று நான் கதவில் காதை வைத்து நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கேட்டாக?"

"பாடம் நல்லா இருந்துச்சுன்னாக. நெட்டு மட்டுந்தான் அவுகளுக்குச் சந்தேகம். போன தடவை மாதிரி நின்னுபோனா என்ன பண்ணுவீங்கன்னாக."

"நீ என்ன சொன்ன?"

"'இன்னைக்கு வகுப்பு நடக்கும்போதே என் வீட்டுக்காரரை விட்டு ஒயரைப் புடுங்கிப் பாத்துட்டேன், நின்னுச்சா?'ன்னு கேட்டேன். உடனே சேத்துக்கிட்டாக."